முள் செருப்பும் ஆள்காட்டியும்

பறவைக்கும் முள்ளுக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டியைப் போல அமைதியான பறவை வேறு இல்லை. காகம் கரையும், மயில் அகவும், மைனா பொழுது விடிந்தால் வம்பளக்கும். ஆள்காட்டி மட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற குரலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் பேச அவளுக்குத் தேவை இருந்ததில்லை. அந்தப் பெயர்கூட அப்போது அவளுக்குக் கிடையாது. நமக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று நான்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அவள் கூடு கட்டுகிற சாதி இல்லை. வெட்டவெளியில் மண்ணைக் கொஞ்சம் பறித்து, சுற்றிலும் பொடிக் கற்களைத் தள்ளி வைத்து, அந்தப் பள்ளத்தில் முட்டையிட்டுவிடுவாள். முட்டையும் மண் நிறம், மேலே கறுப்புப் புள்ளி. ஆளும் ஆடும் நடக்கிற இடத்தில் இப்படி வைத்துவிட்டு எப்படி நிம்மதியாக இருந்தாள் என்று கேட்கலாம். அன்றைக்கு எல்லோருக்கும் வெறுங்கால். கல் எது, சாணி எது, முட்டை எது என்று பாதத்துக்குத் தெரியும். வழவழப்பு பட்டதுமே கால் தானாக மேலே வந்துவிடும். கண் தவறினாலும் கால் தவறாது என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில் தப்பு சொல்ல முடியாது.

அந்த வருஷம் அவளுக்குக் காலம் சரியில்லை. முதலில் இட்ட முட்டைகளைக் கீரி கொண்டுபோயிற்று. இரண்டாவது தடவை இட்டவை கோடை மழையில் அடித்துக்கொண்டு போயின. மூன்றாவது தடவை மலையடிவாரத்துப் புல்சரிவு முடிகிற கல்தரையில் இடம் பார்த்து நாலு முட்டை இட்டாள். இனி ஒரு தடவை முட்டையிட உடம்பில் வலு இல்லை என்று அவளுக்கே தெரியும். ஆண்பறவை குளத்தோரம் இரை தேடப் போனால் பொழுது சாய்ந்துதான் வரும். அவள் பகலெல்லாம் அசையாமல் படுத்திருந்தாள்.

அந்தச் சரிவு நிலக்காரர் செங்கோடப் பண்ணாடிக்குச் சொந்தம். நல்ல மனுஷர், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஒரே ஒரு பைத்தியம்தான். வளைந்த கோலால் பந்தை அடித்து, எங்கோ தள்ளியிருக்கும் குழிக்குள் விழவைக்க வேண்டும். விழுந்ததும் எடுத்து, அடுத்த குழிக்கு அடிக்க வேண்டும். இன்றைக்கு நாம் கோல்ஃப் என்று சொல்வது அன்றைக்குக் குழிப்பந்து. காலையில் கோலோடு கிளம்பினாரென்றால் சோறு ஆறிப்போகும்.

வெயில் காலம் முழுக்க வெறுங்காலில் ஆடினார். ஒரு குறையும் இல்லை. ஆனி பிறந்து மலையிலிருந்து சாரல் இறங்கியதும் வந்தது வினை. கோலை ஓங்கி, இடுப்பைத் திருப்பி அடிக்கிற நொடியில் உடம்பு முழுக்கச் சுழலும். ஈரப் புல்லில் பாதம் அதைத் தாங்காது. பந்து ஒரு பக்கம் போகும், பண்ணாடி ஒரு பக்கம் போவார். சறுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சரிவில் வழுக்கிக்கொண்டு வருவார். அப்படி அவர் வந்து நிற்கிற இடம் ஒவ்வொரு நாளும் ஆள்காட்டியின் பள்ளத்துக்குப் பக்கமாகிக்கொண்டே இருந்தது. நடந்து வருகிற காலை நம்பலாம், உருண்டு வருகிற உடம்பை எப்படி நம்புவது?

பண்ணாடி பாதத்தில் சாம்பல் பூசிப் பார்த்தார். தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றிப் பார்த்தார். கயிறு நனைந்து இன்னும் வழுக்கியது. முழங்கையில் சிராய்ப்போடு அவர் வீடு திரும்பும்போதெல்லாம் மஞ்சள் அரைத்துப் போட்டுப் போட்டு அவர் மனைவி நாச்சாயிக்குச் சலித்துவிட்டது.

"ஏனுங்க, ஊரெல்லாம் இதே காலை வெச்சுத்தான் மலையேறி இறங்குது. ஒரு பந்தைக் குழியில தள்ளறதுக்குத் தனியா ஒரு காலு வேணுமாக்கும்?" என்றாள்.

"நடக்கறது வேற, நின்ன எடத்துல நின்னு சுத்தறது வேற நாச்சாயி," என்றார் அவர். அதுவும் உண்மைதான். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் பேச்சு அங்கேயே நின்றது.

ஆள்காட்டிக்குத் தூக்கம் போயிற்று. பகலில் பண்ணாடிக்குப் பயந்து விழித்திருந்தாள், இரவில் நாளைக்குப் பயந்து விழித்திருந்தாள். கண் எரிந்தது. இந்தச் சறுக்கல் மட்டும் நின்றால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிட்டாள். அந்த நிலையில் எடுக்கிற முடிவு எதுவும் உருப்பட்டதில்லை. ஆனால் அந்த நிலையில்தான் நாமும் பாதி முடிவுகளை எடுக்கிறோம்.

சரிவின் ஓரத்தில் நெருஞ்சி படர்ந்திருந்தது. மஞ்சள் பூவைச் சூரியன் பக்கம் திருப்பிக்கொண்டு, யார் வாயிலிருந்தும் ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாமல் கிடக்கிற செடி. ஆள்காட்டி அதனிடம் போய்த் தன் கதையைச் சொன்னாள். பண்ணாடியின் காலடியில் உன் முள் இருந்தால் மண்ணைக் கவ்விப் பிடிக்கும், அவர் வழுக்கமாட்டார், என் முட்டை தப்பிக்கும், கொடுப்பாயா என்று கேட்டாள்.

நெருஞ்சி பூவை அவள் பக்கம் திருப்பியது. பிறகு சொன்னது: "குடுக்கறதுக்கு எனக்கென்ன அம்மிணி, முள்ளுக்கா பஞ்சம்? ஆனா என் முள்ளைக் காலுக்குக் கீழ போடோணும்னா நடுவுல தோலு போடோணும். தோலு போட்டா அப்புறம் அந்தக் காலுக்கு எதுவும் தெரியாது. யோசிச்சுக்க."

"யோசிக்கத் தெம்பில்லைங்க அக்கா," என்றாள் ஆள்காட்டி.

அன்று சாயங்காலம் பண்ணாடியிடம் ஆள்காட்டியே போய் வழி சொன்னாள். அவர் கெட்டியான தோலில் இரண்டு செருப்பு தைத்து, நெருஞ்சிக் காய்மேல் வைத்து மிதித்தார். நெருஞ்சி முள் செருப்பில் ஏறுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிப்பக்கம் முழுக்க வரிசையாகக் குத்திக்கொண்டு நின்றது.

மறுநாள் சாரலில் பண்ணாடி கோலை ஓங்கினார், சுழன்றார், அடித்தார். கால் அசையவில்லை. பந்து என்றைக்கும் போகாத தூரம் போயிற்று. அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். வழுக்கல் இல்லை, உருளல் இல்லை. ஆள்காட்டி வெகுநாள் கழித்துக் கண்ணை மூடினாள். நாலைந்து நாள் எல்லோருக்கும் நல்ல நாளாகத்தான் இருந்தது.

பிறகு சாரல் நின்றது. வெயில் வந்தது, புல் காய்ந்தது. இனி வெறுங்காலே போதும். நாச்சாயி வாசலில் நின்று, காய்ஞ்ச தரையில இது எதுக்கு, கழட்டி வெச்சுட்டுப் போங்க என்று சொன்னாள். தரை தேவலைதான், ஆனால் பந்து தூரமாகப் போனதே இந்தச் செருப்பால்தான், கழட்டினால் ஆட்டம் போய்விடும் என்றார் பண்ணாடி. ஈரத்துக்காகத் தைத்தது வெயிலிலும் வேண்டியதாகிவிட்டது. காலில் ஏறினது லேசில் இறங்காது.

அன்றைக்கு அவர் அடித்த பந்து புல்லைத் தாண்டி, அவள் பள்ளம் இருந்த கல்தரையில், கல்லாங்குத்தில் விழுந்தது. வெறுங்காலில் அவர் அந்தக் கல்லுக்குள் நடந்ததே இல்லை. இப்போது வந்தார், கண் பந்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி அவர் வருவதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கால் பார்த்துக்கொள்ளும் என்று காலங்காலமாக இருந்த பழக்கம். அவர் மிகவும் பக்கத்தில் வந்த பிறகுதான் நெருஞ்சி சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. "பண்ணாடி, இங்க இருக்கறேனுங்க," என்று அவளுடைய குரலில் சொன்னாள். கல்லில் முள் நறநறவென்று உரசுகிற சத்தத்தில் அது அவர் காதுக்கு எட்டவில்லை.

அவள் ஒதுங்கினாள். கால் இறங்கியது. மூன்று முட்டை அடியில் போயிற்று, ஒன்று மட்டும் கல்லோரம் உருண்டு தப்பியது. அப்போதும் பண்ணாடிக்குத் தெரியவில்லை. அடுத்த அடி எடுத்து வைக்கப் போனார்.

அதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. தொண்டை கிழிந்த மாதிரி வந்தது. மலை திருப்பிச் சொன்னது. பண்ணாடி கோலைப் போட்டுவிட்டு அப்படியே நின்றார். கீழே பார்த்தார். செருப்பைக் கழற்றித் திருப்பி, முள்ளுக்கு நடுவே ஒழுகுவதைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னேன். உட்கார்ந்து அழுதார்.

"கல்லுன்னுகூடத் தெரியலையே அம்மிணி. ஒண்ணுமே தெரியலை," என்றார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனசாரத்தான் கேட்டார்: "இந்தச் சத்தத்தை முன்னாடியே குடுத்திருந்தா நான் நின்னிருப்பேனில்ல?"

இந்தக் கதையில் எனக்கு ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிற இடம் இது. மிதித்தவர் செருப்பு தேவையா என்று கேட்கவில்லை. மிதிபட்டவளிடம் ஏன் கத்தவில்லை என்று கேட்டார். ஆள்காட்டி மிச்சமிருந்த ஒரு முட்டையின்மேல் போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் போனபின் நெருஞ்சி மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தது. அவள் திரும்பவில்லை.

இரண்டு நாள் பண்ணாடி வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் தூரத்தில் நறநறவென்று கேட்டது. ஆள்காட்டி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அதே செருப்பு. கழுவித் துடைத்து, உதிர்ந்த இடத்தில் புது முள் ஏற்றியிருந்தார். அவள் எழுந்தாள், பறந்தாள், அவர் தலைக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டு கத்தினாள். பண்ணாடி நின்று, காலடியைப் பார்த்து, நன்றி சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கிறாளே என்று ஆள்காட்டி என்ற பெயரும் அவளுக்கு அன்றைக்குத்தான் வந்தது. அந்த ஒரு முட்டை பொரிந்தது. குஞ்சுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது பறக்க அல்ல, கத்த.

குழிப்பந்துக்காரர்கள் மழையோ வெயிலோ முள் செருப்பைக் கழற்றாமல் நடப்பதும், தூங்காத கண்ணோரம் சிவந்துபோக ஆள்காட்டி மனிதக் காலடி கேட்டாலே எழுந்து கத்துவதும், அன்றைக்குத் தொடங்கி இன்றைக்கும் ஓயாதவை.