டேனியின் செருப்பு

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. உலகம் தலைகீழாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆராவமுதன் அந்த மழலைப் பள்ளியில் பாயில் உட்காரக் கற்றுக்கொண்டிருந்தார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு எங்கே தொடங்குகிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அன்று காலை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“செவ்வந்தியோட அப்பா இன்னைக்கு வர்றார் டீச்சர். இருபது வரைக்குமாவது சொல்லலைன்னா வேற பள்ளிக்கூடத்துல சேத்துடுவாராம். அவ ஒண்ணு, ரெண்டுக்கே வாயைத் திறக்க மாட்டேங்கறா. கொஞ்ச நேரம் என்கிட்ட விடுங்க, உருப்போட வெச்சுடறேன்.”

வடிவு டீச்சர் சுண்டல் பாத்திரத்தை இறக்கி வைத்தார்.

“இன்னைக்குக் கிண்ணம் வைக்கிற முறை யாரோடது சார்?”

“செவ்வந்தியோடதுதான்.”

“அப்போ அவ வைக்கட்டும். நீங்க ஓரமா உக்காந்து பாருங்க. வாயை மட்டும் திறக்கக் கூடாது.”

ஆயுசு முழுக்க வாயால் பிழைத்த மனிதரிடம் கேட்கிற வரமா இது? ஆனாலும் உட்கார்ந்தார்.

செவ்வந்தி குழந்தைகளைப் பார்த்தாள். அவர்கள் ஓர் இடத்தில் இருந்தால்தானே. ஒருவன் உருண்டுகொண்டிருந்தான், ஒருத்தி பாய்க்குள் சுருண்டிருந்தாள். சலித்துப்போய் வாசலுக்கு நடந்தாள்.

வந்ததும் குழந்தைகள் அவரவர் செருப்பை ஜோடி சேர்த்து வரிசையில் விடுவது அந்தப் பள்ளியின் பழக்கம். செவ்வந்தி கிண்ணங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு ஜோடிச் செருப்பின் பக்கத்திலும் ஒரு கிண்ணம் வைத்தாள். வரிசை முடிந்ததும் மிச்சத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். பிறகு வாசலில் வைத்த கிண்ணங்களையெல்லாம் பொறுக்கி வந்து ஆளுக்கொன்றாக வைத்தாள்.

ஆராவமுதன் பாயின் நுனிக்கு நகர்ந்து பார்த்தார்.

டேனி என்ற பையனுக்கு மட்டும் கிண்ணம் வரவில்லை. அவன் உதடு பிதுங்கியது. ஆராவமுதன் பாதி எழுந்துவிட்டார். டீச்சர் ஒரு பார்வை பார்த்ததும் உட்கார்ந்தார்.

செவ்வந்தி டேனியின் கால்களை வெகுநேரம் பார்த்தாள். செருப்பு வார் அறுந்துபோனதால் அவன் வெறுங்காலோடு சேறு மிதித்து வந்திருந்தான். அவள் போய் இன்னொரு கிண்ணம் எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

அதோடு முடிந்திருக்கலாம். அவள் மறுபடி வெளியே போனாள். பூவரச மரத்தடியில் ஓர் இலையை எடுத்தாள். செருப்பு வரிசையின் கடைசியில் அதை வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தாள்.

ஆராவமுதன் எக்கி வாசலைப் பார்த்தார். எண்களே இல்லாத காலத்தில், ஓர் ஆட்டுக்கு ஒரு கல் என்று எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்த ஆதி மனிதனைப் பற்றி வருஷாவருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறார். அந்த ஆளை நேரில் பார்ப்போம் என்று அவர் நினைத்ததே இல்லை.

அப்போது செவ்வந்தியின் அப்பா சுடலைமுத்து வாசலில் காலை வைத்தார்.

“அப்பா, மிதிக்காத. அது டேனி செருப்பு.”

“இலைல்லா இது?”

“டேனி செருப்புதான்.”

அவர் தன் செருப்பை இலைக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு வந்து, ஆணியில் மாட்டியிருந்த மகளின் பையை எடுத்தார். திரும்பினால், அவள் அவருக்கும் ஒரு கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“இருபது வரைக்குமாவது சொல்லுதாளா சார்?”

ஆராவமுதன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தார்.

“அந்த இலை எதுக்குன்னு அவகிட்டயே கேளுங்க,” என்றார் ஆராவமுதன்.

சுடலைமுத்து மகளைப் பார்த்தார்.

“செருப்பு இல்லைன்னா டேனிக்குக் கிண்ணம் விட்டுப்போயிரும்லா,” என்றாள் செவ்வந்தி.

சுடலைமுத்து வாசலில் கல்லுக்கடியில் இருந்த இலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பையைப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டு, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து சுண்டலை வாங்கிக்கொண்டார்.

குழந்தைகள் போனபின், கிண்ணம் கழுவும்போது ஆராவமுதன் கேட்டார்.

“இத்தனை வருஷமா நான் என்னதான் டீச்சர் சொல்லிக்கொடுத்தேன்?”

“எண்ணோட பேரைச் சொல்லிக்கொடுத்தீங்க சார். அதுவும் வேணும்லா. நாளைக்குச் செவ்வந்திக்கும் சொல்லுங்க. பேரு வைக்கிறதுக்கு இப்ப அவகிட்ட எண்ணு இருக்கு.”