நான்காம் கேள்விக்குப் பதில்

“நாம எழுதுறத அங்க யாராவது படிக்கிறாங்களாம்மா?”

கேட்டவர் சேவுகன். கருங்கல்மேட்டுச் சூரிய மின்சார சங்கத்தின் செயலாளர். வயது அறுபத்திரண்டு.

அவர் குருவாக நினைத்து வந்து உட்கார்ந்திருப்பது ஒச்சம்மாவின் முன்னால். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து. குருவுக்கு வயது பார்க்க முடியுமா?

மின்சாரத்துக்காகக் கட்டிய அணைக்குள் ஒச்சம்மாவின் ஊர் முங்கிப் போனது. அதற்கு முந்தைய ஐந்து வருடமும் அரசாங்கக் கடிதங்களுக்கு ஊர் சார்பில் பதில் எழுதியவர் அவர்தான். இப்போது மாற்றிடமாகக் கொடுத்த காலனி வீட்டு வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதுனீங்க?”

சேவுகன் பையிலிருந்து தான் எழுதிய தாள்களின் நகல்கட்டை எடுத்தார். நாற்பத்தொரு பக்கம்.

ஊர்ச் சங்கங்கள் சொந்தமாக பேட்டரி வைத்துக்கொள்ளக் கூடாதென்று புதிய கொள்கை வரப்போகிறது. மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அரசாங்கத்திலிருந்து பதினெட்டுக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். நேற்றோடு கெடு முடிந்தது. பதில் போய்ச் சேர்ந்து ரசீதும் வந்துவிட்டது.

“பதினெட்டுக்கும் எழுதிட்டேன். ஒண்ணக்கூட விடல.”

விடமாட்டார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்த மனுஷன். காலிக் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

“அந்த பேட்டரி உங்க ஊர்ல எதுக்குண்ணே?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே. குவாரில கல்தூசி தின்ன ஒம்பது பேரு ஆக்சிஜன் மெஷினோட கெடக்குறாங்க. கரண்டு ஒரு நாளைக்கு நாலு தடவ போகுது. பேட்டரி இல்லைனா மெஷின் நின்னுரும். என் தம்பி மாயழகும் அதுல ஒருத்தன்.”

“மாயழகண்ணன் இதுல எந்தப் பக்கத்துல இருக்காரு?”

“முப்பத்தொம்பது. பின்னிணைப்பு மூணு. பயனாளிகள் பட்டியல்ல.”

ஒச்சம்மா கையில் ஒட்டிய கடலைத்தோலைத் தட்டிவிட்டு, தாள்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இத வாசிங்க.”

“கேள்வி நாலு. பேட்டரிகளை அகற்றச் சங்கத்துக்கு எத்தனை நாள் அவகாசம் வேண்டும்? முப்பது, அறுபது, தொண்ணூறு.”

சேவுகன் நிமிர்ந்தார். கொஞ்சம் பெருமைதான்.

“முப்பதுலயே முடிக்கப் பாத்தாங்க. நான் விடுவேனா? தொண்ணூறு போட்டு, காரணத்த மூணு பக்கத்துக்கு எழுதிருக்கேன்.”

“அகற்றவே கூடாதுங்கிறத எங்க எழுதுனீங்க?”

“அதுக்குக் கட்டம் இல்லம்மா.”

“சரி.”

ஒச்சம்மா மறுபடி கடலையை எடுத்தார்.

சேவுகன் கேள்வி நாலை இன்னொரு முறை வாசித்தார். கீழே தன் கையெழுத்தையும் பார்த்தார்.

“தொண்ணூறாவது நாளு...” என்று ஆரம்பித்தார்.

முடிக்காமல் முப்பத்தொன்பதாம் பக்கத்துக்குப் புரட்டித் தம்பி பெயரைத் தேடினார்.

“அங்க யாரும் படிக்க மாட்டாங்கதானேம்மா?”

வந்ததும் கேட்ட அதே கேள்விதான். படித்துவிடக் கூடாதே என்று இப்போது பதறினார்.

ஒச்சம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“எங்க ஊருக்கும் கேட்டாங்கண்ணே. வீட்டுச் சாமானெல்லாம் ஏத்த எத்தன லாரி வேணும்னு. ஒரு வாரம் வீடு வீடாப் போயி விசாரிச்சு, ஆறுனு எழுதுனேன்.”

“அப்புறம்?”

“சொன்ன தேதிக்கு ஆறும் வந்துச்சு.”