ஆடுபுலிப் பாறை

கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னால் படித்தவர்களே வாய்விட்டுச் சிரித்த காலம் அது. அப்போது ஒரு மலையடிவாரத்தில் மாசிலாமணி என்பவர் கற்களை ஆராய்ந்துகொண்டு தனியாக இருந்தார். அவருக்கு வயது முப்பத்தைந்து. அவருடைய ஒரே சீடர் சபாபதிக்கு ஐம்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் மாசிலாமணிக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவரே இந்தச் சபாபதிதான். அதற்காக அவர் கூச்சப்பட்டதில்லை. வாய் நிறைய ‘குருவே’ என்பார். குருவோ பழைய பழக்கத்தை விடாமல் ‘சார்’ என்பார்.

ஒருநாள் சாயங்காலம் சபாபதி மூச்சிரைக்க வந்து நின்றார்.

“குருவே, நாளைக்கு மறுபடியும் பள்ளிக்கூடக் கமிட்டி. நிலம் நகருதுன்னு பசங்களுக்குச் சொன்னது தப்புன்னு நான் ஒத்துக்கணுமாம். இல்லேன்னா வேலை இல்லை.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எல்லாத்தையும் சொன்னேன். ஆப்பிரிக்காவோட கரையும் தென்னமெரிக்காவோட கரையும் பொருந்துதுன்னு சொன்னேன். நம்ம நாட்டுக் கல்லுல பதிஞ்சிருக்கிற அதே இலை ஆப்பிரிக்கக் கல்லுலயும் இருக்குன்னு சொன்னேன். தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘அவ்வளவு பெரிய நிலத்தை எவன்யா தள்ளினான்?’ எல்லாரும் சிரிச்சாங்க.”

“நாளைக்கு?”

“தப்புன்னே சொல்லிடலாம்னு இருக்கேன். இந்த வயசுல எனக்கு வேற யார் வேலை குடுப்பா?”

மாசிலாமணி செருப்பை மாட்டிக்கொண்டார். “வாங்க சார், ஒரு ஆட்டம் ஆடிட்டு வரலாம்.”

சபாபதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிழைப்பே போகப் போகிறது, இவருக்கு ஆட்டம் கேட்கிறதாம். ஆனாலும் பின்னாலேயே போனார்.

சரிவில் ஒரு பாறை இருந்தது. ஆடு மேய்த்தவர்கள் யாரோ என்றைக்கோ அதில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு செதுக்கியிருந்தார்கள். கோடுகள் விளிம்புவரை ஓடிவந்து சட்டென்று நின்றுவிட்டன.

“பாதிக் கட்டம்தானே இருக்கு? எப்படி ஆடறது?”

“மீதியைத் தேடுங்க.”

சபாபதி சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு மாட்டுவண்டி போகிற இடைவெளி விட்டு, கீழே இன்னொரு பாறை கிடந்தது. மீதிக் கட்டம் அதில் இருந்தது.

“அதோ! இது ரெண்டும் ஒரே பாறை.”

“யாராவது அப்புறமா வந்து அங்கேயும் கீறியிருக்கலாமே?”

சபாபதி குனிந்து விரலால் தடவினார். கல்லுக்குள் சாய்வாக ஓடிய வெள்ளை ரேகை ஒன்று விளிம்பில் அறுந்திருந்தது. அவர் இறங்கிப் போய் அடுத்த பாறையையும் தடவிப் பார்த்தார்.

“இந்த ரேகையையுமா ஒருத்தன் வந்து கீறினான்? அங்கே அறுந்தது இங்கே அதே சாய்வுல ஓடுது பாருங்க. அங்கே மேடா இருக்கிற இடம் இங்கே பள்ளமா இருக்கு. சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஒண்ணா இருந்து பிரிஞ்சு நகர்ந்ததுதான். இதுல சந்தேகமே இல்லை!”

அவருக்கு வகுப்பறைக் குரல் திரும்பிவிட்டது. மாசிலாமணிக்கு அது பிடித்திருந்தது.

“சரி சார், எவன் தள்ளினான்?”

சபாபதி வாயைத் திறந்தார். மழையா, இடியா, மரத்தின் வேரா? இடைவெளியைக் குனிந்து பார்த்தார்.

“தெரியலையே, குருவே.”

“தெரியலையா? அப்போ இந்த ரெண்டு பாறையும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்குன்னு நாளைக்குக் கமிட்டியில சொல்லிடுங்க, சார்.”