குளத்துக்குள் கிடந்து பார்த்த வெயில்

"வெயிலா? எங்கே அடிக்குது வெயில்?"

எருமைத் தலைவர் மேகவண்ணன் தம் முதுகில் நின்ற கொக்கிடம் கேட்டது, அவ்வழியே பறந்துபோன ஆள்காட்டிக் குருவியின் காதில் தற்செயலாக விழுந்தது. தலைவர் அப்போது தலையும் முதுகும் மட்டும் வெளியே தெரியக் குளத்தில் கிடந்தார்.

குருவிக்குப் பகீரென்றது. கரைக்கு அப்பால் சரளைமேட்டில் அவளுடைய நான்கு முட்டைகள் இருந்தன. ஆள்காட்டிகள் கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையில்தான் முட்டையிடும். வெயில் ஏறினால் தாய்ப்பறவை குளத்தில் வயிற்றை நனைத்து வந்து முட்டைகள்மேல் உட்காரும். முட்டைகள் பிழைப்பது அந்த ஈரத்தால்தான்.

ஆனால் அந்தக் காட்டில் குளத்துக்கு ஒரு முறை இருந்தது. காலையும் மாலையும் சின்ன உயிர்களுக்கு, உச்சிப்பொழுது எருமைகளுக்கு. "கடும் வெயில்" என்று தலைவர் அறிவித்தால் மட்டும் எருமைகள் ஒதுங்கி எல்லோருக்கும் வழிவிட வேண்டும். அந்த வருஷம் குளம் பாதியாகச் சுருங்கியிருந்தது. எருமைகள் இறங்கினால் கரைக்குக் கரை அவைதான். இடையில் புகுந்த தவளைகள் சில நசுங்கிப்போயின.

வெயிலும் பழைய வெயில் இல்லை. பங்குனியிலேயே தரை கொதித்தது. முயல்குட்டிகள் மயங்கி விழுந்தன. ஒரு கிழக் கௌதாரி நடந்துகொண்டிருக்கும்போதே சாய்ந்து செத்தது. தலைவரிடம் முறையிட்டார்கள். கௌதாரிக்கு வயதாகிவிட்டது, முயல்குட்டிகளுக்கு உடம்பில் தெம்பில்லை என்று அவர் காரணம் சொன்னார். கொக்கும் ஆமாம் போட்டது.

குருவி முட்டையை அலகால் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. இரண்டு நாளாகக் கெஞ்சியாயிற்று. இனிக் கெஞ்சிப் பயனில்லை என்று கரைக்குப் பறந்தாள்.

"மாமா, நீங்க சொன்னதுதான் சரி. வெயிலே இல்ல. எனக்குத்தான் பிரமை."

"இப்பவாவது புரிஞ்சுதே."

காக்கை ஒன்று முட்டைகளைச் சுற்றுவதாகவும், தான் இரண்டு பூச்சி பிடித்து வரும்வரை மாமா காவல் நின்றால் அது கிட்டே வராது என்றும் அவள் சொன்னாள். தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. சேறு சொட்டச் சொட்ட மேடேறி வந்தார். அவருடைய நான்கு கால்களுக்கு நடுவே முட்டைகள் வரும்படி குருவி அவரை நிறுத்தினாள். ஒரு குளம்பு தவறினாலும் எல்லாம் போய்விடும். பூச்சி தேடுவதுபோல் பக்கத்துப் புதரடியில் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் முதுகுச் சேறு காய்ந்து வெடித்து உதிர்ந்தது. ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கொக்கு மரத்துக்குப் போய்விட்டது. சரளை குளம்பைச் சுட்டது. காலை மாற்றி வைக்கப் பார்த்தார்; கீழே முட்டை. மூச்சு வாங்கியது, நாக்கு வெளியே தள்ளியது.

"குருவி, இந்த இடத்துல எப்படி இருக்கே நீ?"

"வேற எங்க மாமா போறது? இதுதானே எங்க வீடு."

தலைவர் குனிந்து, கால்களுக்கு நடுவே கிடந்த முட்டைகளைப் பார்த்தார். பிறகு குளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கடும் வெயில்! எல்லாரும் ஒதுங்கி வழி விடுங்க. இனிமே வெயில் எப்படின்னு தண்ணியில கிடக்கிறவன் சொல்லக் கூடாது. தரையில கிடக்கிறவங்களைக் கேட்டுத்தான் சொல்லணும்."

எருமைகள் ஒதுங்கின. முயல்களும் தவளைகளும் இறங்கின. குருவி வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தாள். மூன்றில் மெல்லிய அசைவு தெரிந்தது. நான்காவதில் இல்லை. அதை அவள் அலகால் ஒதுக்கி வைப்பதைத் தலைவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு குளத்துக்குப் போய் ஒரே ஒரு முழுக்குப் போட்டார். உடனே திரும்பி வந்தார். வெயில் சாயச் சாய நிழலும் நகர்ந்தது. அவரும் அடியடியாக நகர்ந்து, பொழுது அடையும்வரை அந்த மூன்று முட்டைகளுக்கும் நிழலாக நின்றார்.