குதித்துப் பார்த்தவள்

பாளையங்கோட்டையில் ஒரு கான்வென்ட் மைதானம். அங்கே ஓடச் சொல்லிக்கொடுக்கும் ஜெனிட்டாவுக்கு முப்பது வயது. அவளுடைய சிஷ்யை குமுதவல்லிக்கு நாற்பத்தெட்டு. சிஷ்யை குருவை மிஸ் என்பாள். குரு சிஷ்யையை அக்கா என்பாள். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான்.

போன வருடம் குமுதவல்லி முழு மாரத்தான் ஓடப் போனாள். பாதியில் மூச்சு முட்டிப்போய், கணவர் சங்கரலிங்கத்தின் ஸ்கூட்டரில் ஏறி வீடு வந்தாள். அன்றிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்குப் பெயர் 'பாதி மாரத்தான்'. லிஃப்டில் பார்த்தால்கூடச் சிரித்தார்கள். இந்த வருடம் கடைசிக் கோட்டைத் தாண்டாமல் விடுவதில்லை என்று வருடம் முழுக்க ஓடினாள்.

தை மாதம் பந்தயம். கார்த்திகையில் பாதம் வீங்கியது. இரண்டாம் விரலுக்குப் பின்னால் உள்ள எலும்பில் மயிரிழை விரிசல் என்றது ஸ்கேன். ஓடி ஓடி வந்தது. ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார் டாக்டர்.

குமுதவல்லி ஓடவில்லை. சொன்னால் கேட்கிறவள்தான்.

ஆனால் தினமும் காலையில், காபிக்குப் பால் காய்கிற நேரத்தில், அந்த ஒற்றைக் காலில் நின்று நாலு குதி குதிப்பாள். ஆறிவிட்டதா என்று தெரிய வேண்டாமா? பிறகு மைதானத்துக்கு வந்து செய்தி சொல்வாள்.

"இன்னைக்குக் குதிச்சுப் பாத்தேன் மிஸ். நேத்தைக்கு விட இப்ப வலி கம்மிதான்."

"சரிக்கா" என்பாள் ஜெனிட்டா.

ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். விரிசல் அப்படியே இருந்தது.

அன்று மைதானத்துக்கு வந்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஒரு எட்டு ஓடலை மிஸ். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடலை. கண் முன்னாடி போச்சு, போடான்னு விட்டுட்டேன். அப்புறமும் ஏன் ஆறலை?"

கேலரியின் கீழ்ப்படி உடைந்திருந்தது. அதற்கு ஜெனிட்டா சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியால் அள்ளிப் பூசினாள். பலகையால் தேய்த்து வழவழவென்று ஆக்கினாள். எழுந்தாள். நேராக அதன் மேலேயே காலை வைத்தாள்.

"ஐயோ மிஸ்! என்ன செய்யுதீங்க?"

"காய்ஞ்சிட்டான்னு பாக்கேன்."

"இப்பத்தானே பூசுனீங்க!"

"அதான், தெரிய வேண்டாமா?"

கால்தடத்தை மூடித் தேய்த்தாள். மைதானத்தை ஒரு சுற்று நடந்து வந்தாள். மறுபடி காலை வைத்தாள்.

"அப்பதைக்கு விட இப்ப பரவாயில்லக்கா. கம்மியாத்தான் பதியுது."

குமுதவல்லிக்குப் பொறுக்கவில்லை. "படிச்ச பிள்ளைதானே நீங்க? மிதிச்சுக்கிட்டே இருந்தா அது எந்தக் காலத்துல காயும்? அதைச் சும்மா விடுங்க..."

சொன்ன வாய் பாதியில் நின்றது.

ஜெனிட்டா மூன்றாம் முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

குமுதவல்லி குனிந்து தன் காலைப் பார்த்தாள். "முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

குமுதவல்லி யோசித்தாள். "மாட்டேன்."

மறுநாள் காலை பால் காய்ந்தது. கால் துறுதுறுத்தது. இரண்டு கையையும் மாவுக்குள் விட்டுச் சப்பாத்திக்குப் பிசைந்தாள்.

சங்கரலிங்கம் எட்டிப் பார்த்தார். "என்ன, இன்னைக்குக் குதியாட்டம் இல்லையா?"

"இல்ல."

"கால் எப்படி இருக்கு?"

"தெரியாது."

"தெரியாதா? உன் கால்தானே?"

"நானே அதுகிட்ட கேக்கலை. நீங்களும் கேக்காதீங்க. போய்க் குளிங்க."

அப்படியே நாட்கள் போயின. தினமும் மைதானத்துக்கு வந்தாள். உட்கார்ந்தபடி கைக்கு, வயிற்றுக்கு என்று ஜெனிட்டா கொடுத்த பயிற்சியெல்லாம் செய்தாள். பக்கத்தில் பிள்ளைகள் ஓடினார்கள். குமுதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தாள். அந்தக் காலை ஒருமுறைகூட அமுக்கிப் பார்க்கவில்லை.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்பு கூடிவிட்டது, மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார்.

மைதானத்துக்கு வந்தபோதே ஷூ போட்டிருந்தாள்.

"மிஸ், கூடிருச்சு! ஞாயித்துக்கிழமை பந்தயம்."

"தெரியும்க்கா. அன்னைக்கு ஓடுறவங்களுக்குத் தண்ணி குடுக்க எனக்கு ஆள் வேணும். வாரீங்களா?"

குமுதவல்லி அவளையே பார்த்தாள். கண் கலங்கியது. கலங்கியதைக் காட்டாமல் இருக்கக் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"பாதி மாரத்தான் இந்தத் தடவை தண்ணி பந்தல்ல நிக்குதுன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"சொல்லிட்டுப் போறாங்க. வாரேன்." நிமிர்ந்தாள். "ஆனா இன்னைக்கு நான் ஓடணும் மிஸ்."

"ஓடுங்க. இந்த வேப்பமரத்துல இருந்து அந்தக் கொடிக்கம்பம் வரைக்கும்."

"அவ்வளவுதானா? இதுக்கு எதுக்கு ஷூ? எங்க வீட்டு வராந்தாவே இதைவிட நீளம்!"

"அவ்வளவுதான்."

"மிஸ், நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வந்தவ நான்."

"ஆமாக்கா. அதான் கொடிக்கம்பம் வரைக்கும்."

குமுதவல்லி வேப்பமரத்தடியில் போய் நின்றாள். ஒரு காலை முன்னால் வைத்தாள். வைத்த கால் அங்கேயே நின்றது.

"மிஸ், வலிச்சா?"

"நில்லுங்க."

"வலிக்கலைன்னா?"

"அப்பவும் கொடிக்கம்பம் வந்ததும் நில்லுங்க."