சொரிமுத்து கையில் போட்ட கோடு

மேலக்கருங்காட்டில் ஆவுடையப்பன், குத்தாலிங்கம், சொரிமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள். ஊரே அவர்களை முட்டாள்கள் என்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதையைக் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் அவர்கள் தப்பு செய்தார்கள் என்று நீங்களே காட்டுங்கள்.

அன்று சாயங்காலம் கபடி இறுதிப்போட்டி. எதிரணி கொம்பன்குளம். ஏழு வருஷமாகக் கோப்பை அவர்களிடம்தான். நம் ஊருக்கு இருந்த ஒரே நம்பிக்கை சொரிமுத்து.

காலையில் அவன் கொடியில் கிடந்த பனியனை எடுத்தான். "ஆ!" என்றான். மணிக்கட்டில் மிளகளவு சிவப்பு. சுவரில் ஒரு சிலந்தி.

"இதுவாலே கடிச்சுது? பார்த்தா அமைதியால்லா இருக்கு" என்றார் மூத்தவர் ஆவுடையப்பன்.

"கடிச்சு முடிச்சிட்டா அமைதியாத்தான் இருக்கும்ணே" என்றான் குத்தாலிங்கம்.

மைதானத்தை ஒட்டியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். நர்ஸ் தெளிவாகத்தான் சொன்னார்: "சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஐஸ் ஒத்தடம் குடுங்க. கையை உயர்த்தியே வைங்க. சிவந்த இடத்தைச் சுத்திப் பேனாவால கோடு போடுங்க. சிவப்பு கோட்டைத் தாண்டுச்சுன்னா, வேற எதையும் பார்க்காம நேரா இங்க வந்திருங்க."

எவ்வளவு நேரம் கழுவ வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே சோப்பு தீரும்வரை கழுவினார்கள். புதுச் சோப்பு. மத்தியானம் ஆகிவிட்டது.

வீட்டில் ஐஸ் இல்லை. தெருவில் குச்சி ஐஸ் வண்டி வந்தது.

"ஆரஞ்சு வாங்குவமா, சிவப்பு வாங்குவமா?"

"கடி சிவப்பா இருக்கு. அதுக்கு ஆரஞ்சு எப்படிண்ணே கேக்கும்?"

நியாயம்தானே? நாலு சிவப்பு ஐஸை உருகும்வரை தேய்த்தார்கள். பார்த்தால் முழங்கை வரை ரத்தச் சிவப்பு.

"யாத்தே, இம்புட்டு விஷமா!" என்று அலறிய ஆவுடையப்பன், முழங்கையைச் சுற்றிக் கோடு போட்டார்.

சாயங்காலம் சொரிமுத்து கையை உயர்த்தியபடியே களமிறங்கினான். இது என்ன புது உத்தி என்று கொம்பன்குளத்துக்காரர்கள் மிரண்டார்கள். ஆட்டம் சமநிலைக்கு வந்தது. கடைசிப் பாட்டு. "கபடி கபடி" என்று பாடிப்போன சொரிமுத்து ஒருவனைத் தொட்டுவிட்டான். நடுக்கோட்டுக்கு இன்னும் ரெண்டே அடி. ஏழு வருஷக் கோப்பை!

அப்போதுதான், தூக்கிய கையிலிருந்து ஐஸ் சாயம் வியர்வையோடு சேர்ந்து முழங்கையைத் தாண்டி அக்குளுக்குள் இறங்கியது.

"ஏலேய்! சிவப்பு கோட்டைத் தாண்டிருச்சுலே!" என்று கத்தினார் ஆவுடையப்பன்.

சொரிமுத்து வேறு எதையும் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பிச் சுவரேறிக் குதித்து ஆஸ்பத்திரிக்குள் ஓடினான். பாட்டை மட்டும் விடவில்லை. விட்டால் அவுட். பின்னாலேயே கொம்பன்குளத்து ஏழு பேர், அண்ணன்மார், நடுவர்.

நர்ஸ் சீட்டை எடுத்தார். "பேரு?"

"கபடி கபடி."

"வயசு?"

"கபடி கபடி கபடி."

நர்ஸ் கவலையோடு ஆவுடையப்பனைப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"அஞ்சாப்பு படிக்கும்போதிருந்தே சிஸ்டர்."

விஷம் தலைக்கேறிவிட்டது என்று அவனைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஆட்டத்தை முடித்துவைக்க நடுவர் விசிலை வாயில் வைத்தார். எதிரே 'அமைதி காக்கவும்' என்று போர்டு. விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

விசில் ஊதாமல் ஆட்டம் எப்படி முடியும்?

மறுநாள் காலை குத்தாலிங்கம் இட்லி கொண்டுபோனான். கொம்பன்குளத்து ஏழு பேரும் கட்டிலைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். நடுவில் சொரிமுத்து, ஒரு கையை உயர்த்தியபடி, "கபடி கபடி கபடி" என்று சட்னியைக் காட்டினான்.