சாம்பிராணி காட்டிய மூச்சு

கொரோனாவுக்கு நடுவே பள்ளிக்கூடம் திறந்தது. தூசி வருகிறதென்று வகுப்பறை ஜன்னல்களுக்கெல்லாம் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் தாளாளர் தணிகாசலம்.

“பிள்ளைங்க விடுற மூச்சு உள்ளேயே சுத்துமேய்யா, திறந்து விடுங்க” என்றாள் பள்ளியைப் பெருக்கும் செங்கமலம்.

“நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? மூச்சு சுத்துறதை என் கண்ணுக்குக் காட்டு, திறக்கிறேன்!”

“வெள்ளிக்கிழமை காட்டுறேங்கய்யா.”

வெள்ளிதோறும் அவர் அறையில் சாம்பிராணி போடுவது அவள்தான். அன்றைக்கு அவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு மூலையில் புகை போட்டாள். புகை மெல்லச் சுற்றிவந்து அவர் முகத்தில் கவிந்தது. இருமிக்கொண்டே எழுந்தோடி ஜன்னலைத் திறந்தார் தாளாளர்.

“மூலையில ஒருத்தர் விடுற மூச்சும் இப்படித்தாங்கய்யா சுத்தும்” என்று கையை நீட்டினாள் செங்கமலம். “இங்க ஒரு மூக்குக்கே தாங்கல. அங்க நாற்பது மூக்கு. சாவியைக் குடுங்க.”